தாழ்வாகக் கட்டிய கயிறு

எங்கள் வீட்டு முன்னறையில், டிவிக்கு மேலே, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒரு பழைய செய்தித்தாள் படம் தொங்குகிறது. தாள் பழுத்து டீ நிறத்துக்கு வந்துவிட்டது. படத்தில் ஒரு தெரு. தெருவுக்குக் குறுக்கே ஒரு கயிறு. கயிற்றில் வரிசையாகச் சின்னச் சின்னச் சட்டைகள். கயிற்றுக்கு இந்தப் பக்கம் சில பெண்கள், அந்தப் பக்கம் ஒரு பேருந்தின் மூக்கு. பேருந்தின் படியில் ஒரு கையால் தொங்கிக்கொண்டு, வாயில் விசிலோடு எட்டிப் பார்க்கும் ஒல்லியான கண்டக்டர்தான் என் அப்பா. பெண்களில் இடது ஓரமாக, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பவள் அம்மா. அந்தப் படம் எடுத்தபோது அவர்களுக்கு ஒருவரையொருவர் தெரியாது.

கறுப்பு வெள்ளைப் படம் என்றாலும் சட்டைகள் காக்கி என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் அவற்றில் ஒன்று எங்கள் வீட்டு இரும்புப் பெட்டியில் இருக்கிறது. இரண்டு பக்கமும் மூடி வைத்த பாக்கெட், தோளில் பட்டி, எல்லாம் ராணுவச் சட்டைக்கு உரியவை. அளவு மட்டும் பத்து வயதுப் பிள்ளைக்கு உரியது. எனக்குப் பத்து வயதானபோது அது எனக்குச் சரியாக இருந்தது. அந்துருண்டை வாசனையோடு அதை மாட்டிக்கொண்டு அறைக்கு அறை விறைப்பாக நடந்தேன். அப்பா சல்யூட் வைத்தார். அம்மா சமையலறையிலிருந்து வந்து பார்த்துவிட்டு, "கழட்டு" என்று ஒரே வார்த்தை சொன்னாள். அடுத்த வருடம் கை நுழையவில்லை.

படத்தின் கதையை அப்பா சொல்லித்தான் நான் வளர்ந்தேன். மின்சாரம் போனால் சொல்வார். விருந்தாளி வந்தால் சொல்வார். விருந்தாளி கிளம்பத் தாமதித்தால் இன்னொரு முறை சொல்வார். அவர் சொல்லும் வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன்.

அப்போது ஒரு போர் நடந்துகொண்டிருந்தது. அம்மா வேலை பார்த்த தையல் கம்பெனிக்கு ராணுவச் சட்டை ஆர்டர் வந்தது. அம்மாவின் வரிசையில் இருந்த பெண்கள் ரகசியமாகப் பேசி வைத்துக்கொண்டு, ஆர்டர் முழுவதையும் பத்து வயது அளவில் தைத்து அடுக்கிவிட்டார்கள். சூப்பர்வைசர் தாம் தூம் என்று குதித்தார். அம்மா மிஷினை விட்டு எழுந்து நின்றாள். இந்த இடத்தில் அப்பாவும் நாற்காலியை விட்டு எழுந்துகொள்வார்.

"'எவனை அனுப்பினாலும், அவனைப் பெத்தவளுக்கு அவன் இந்த அளவுதான் சார்!' அப்படின்னா பாரு உங்கம்மா! இருபது வயசுப் பொண்ணு!"

அத்தனை பேரையும் கம்பெனிக்கு வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கையில் அகப்பட்ட ஒரு கட்டுச் சட்டையோடு வெளியே வந்தவர்கள், வாசல் கம்பியிலிருந்து எதிர் விளக்குக் கம்பம் வரை கயிறு கட்டி அவற்றைத் தொங்கவிட்டார்கள். அந்த வழியாக அப்பாவின் பேருந்து வந்தது.

"ஒரே விசில்! வண்டி நின்னுச்சு. பின்னால வந்த வண்டி நின்னுச்சு. அதுக்குப் பின்னால வந்தது நின்னுச்சு. சாயங்காலம் மார்க்கெட் முனை வரைக்கும் வண்டி. எனக்கு மெமோ குடுத்தான், சஸ்பெண்ட் பண்ணான். போடா மயிருன்னுட்டேன். அதுதாம்மா போராட்டம்."

அம்மாவுக்கு இந்தக் கதை நடக்கும் நேரமெல்லாம் சமையலறையில் ஏதாவது வேலை இருக்கும். அடக்கம் என்று நான் நினைத்திருந்தேன்.

நான் பகலில் ஒரு கூரியர் கவுண்ட்டரில் பார்சல் எடை போடுகிறேன். மாலையில் வகுப்புக்குப் போகிறேன். இப்போதும் ஒரு போர் நடக்கிறது. பார்சல் கவுண்ட்டரில்தான் எனக்கு அது முதலில் தெரிந்தது. ஒரு ஊரின் பெயரைத் தட்டினால் 'அனுப்ப இயலாது' என்று கணினி சொல்ல ஆரம்பித்தது. ஒரு பெண் தன் அக்காவுக்கு அனுப்பக் கொண்டுவந்த ஸ்வெட்டர் பொட்டலத்தைத் திருப்பி எடுத்துப் போனாள். அதன் பிறகு வகுப்பில் நாங்கள் ஆறு பேர் சேர்ந்து, மாதத்தில் முதல் சனிக்கிழமை மாலை, ரவுண்டானா ஓரத்தில் போர் வேண்டாம் என்று எழுதிய அட்டை பிடித்து நிற்கத் தொடங்கினோம்.

போன மாதம் நின்றது எப்படி இருந்தது என்பதையும் உள்ளபடி எழுத வேண்டும். ஒருவர் பைக்கை நிறுத்தி, எந்த டியூஷன் சென்டர், கட்டணத்தில் தள்ளுபடி உண்டா என்று கேட்டார். எங்களில் உயரமானவன், ஒட்டடைக்குச்சி என்று கூப்பிடுவோம், போனில் நேரலை போட்டான். மூன்று பேர் பார்த்தார்கள். அதில் ஒருவர் அவன் அம்மா. 'சாப்பாடு ஆறுது, வா' என்று கீழே எழுதியிருந்தார்.

இதை வீட்டில் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அப்பாவுக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சிரிப்பு.

"போனைத் தூக்கிப் பிடிக்கிறதுக்குப் பேரு போராட்டமா? நீங்க நின்னதால ஒரு சைக்கிளாவது நின்னுச்சா?"

"டியூஷன் கேக்க ஒரு பைக் நின்னுச்சு" என்றாள் அம்மா.

"பார்த்தியா! உங்கம்மாவே கிண்டல் பண்றா. அவங்க நின்ன நிப்பு என்ன, நீங்க நிக்கிற நிப்பு என்ன!"

அன்று படுத்தபடி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா சொல்வது சரி என்றே பட்டது. அவர்கள் இழப்பதற்கு வேலையை வைத்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் அட்டையின் பின்பக்கம் அடுத்த நாள் பாடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு நிற்கிறோம். அவர்களில் ஒருத்தி வந்து எங்கள் பக்கத்தில் நின்றால், கொஞ்சமாவது உண்மையாகுமோ? அடுத்த வகுப்பில் வாய் தவறி, இந்த முறை கயிறு கட்டிக் குழந்தைச் சட்டைகள் தொங்கவிடலாம், அம்மா வந்து பேசுவாள் என்று சொல்லிவிட்டேன். நான் வீடு வந்து சேருவதற்குள் ஒட்டடைக்குச்சி அறிவிப்பே போட்டுவிட்டான்: 'சின்னச் சட்டைப் போராட்ட வீராங்கனை நம்மிடையே!'

அம்மா அதைப் படித்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தாள். "நான் வரல."

"ஏம்மா?"

"வரலைன்னா வரல. என்னைக் கேட்டா போட்டே?"

ஞாயிற்றுக்கிழமை காலை கத்திரிப் பெரியம்மா வந்தார். உறவில் பெரியம்மா இல்லை. கம்பெனியில் கட்டிங் மேசையில் இருந்தவர். அங்கே எல்லோருக்கும் அவரவர் வேலைதான் பெயர். கத்திரி, காலர், கை, பொத்தான். அம்மா பாக்கெட் தைத்தாள், அதனால் பாக்கெட்டு. அப்பா முடி வெட்டிக்கொள்ளப் போயிருந்தார். பெரியம்மாவைக் கொண்டு அம்மாவைச் சம்மதிக்க வைக்கலாம் என்று நான் அறிவிப்பைக் காட்டினேன்.

பெரியம்மா கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு படித்தார். தோள் குலுங்கியது. பிறகு டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"ஏய் பாக்கெட்டு! வீராங்கனையாமேடி நீ!"

"சும்மா இரு அக்கா."

"இன்னுமா பிள்ளைகிட்ட சொல்லல? அடிப்பாவி, கட்டிக்கிட்டவர்கிட்டயாவது சொன்னியா?"

அம்மா வாசல் பக்கம் பார்த்தாள். அப்பாவின் செருப்பு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, என் எதிரில் உட்கார்ந்தாள்.

யாரும் எதையும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. கம்பெனியில் அந்த மாதம் இரண்டு ஆர்டர்கள். ஒன்று ராணுவச் சட்டை, இன்னொன்று பள்ளிச் சீருடை. இரண்டுக்கும் ஒரே காக்கித் துணி. மேசையில் துணியை அடுக்கடுக்காக விரித்து, அட்டையில் வெட்டிய அளவை மேலே வைத்து, சாக்பீஸால் கோடு போட்டு வெட்ட வேண்டும். பெரியம்மா அட்டையை மாற்றி வைத்துவிட்டார். உடம்பும் கையும் பள்ளி அளவில் வெட்டுப்பட்டன. பாக்கெட்டும் தோள்பட்டியும் வேறு மேசையில் ராணுவ அளவில் வெட்டுப்பட்டு வந்தன.

"தைக்கும்போது யாருக்குமே தெரியலையா?" என்றேன்.

"நான் பாக்கெட்டைத்தானே பார்த்தேன். ஒருத்தி கையை மட்டும் பார்ப்பா, ஒருத்தி காலரை மட்டும். முழுச் சட்டையை யாரு பார்த்தா? தோள்பட்டி வெக்கிறவ மட்டும் நீளமா இருக்கேன்னு கேட்டா. ஏதாவது ஸ்கூல் பரேடுக்கா இருக்கும், நறுக்கிட்டு வைடின்னு நான்தான் சொன்னேன்."

"கடைசியில செக்கிங் மேசைல ஒருத்தன் ஒண்ணை எடுத்துத் தன் நெஞ்சுல வெச்சுப் பார்த்தான்" என்றார் பெரியம்மா. சிரிப்பு குறைந்திருந்தது. "எனக்கு அப்போ புத்தி ஒரு நிலையில இல்லம்மா. என் தம்பி அங்கே சண்டையில இருந்தான். கடிதாசி வர்றது நின்னு போயிருந்துச்சு. கை பாட்டுக்கு வெட்டுது, மனசு எங்கேயோ இருக்குது. சூப்பர்வைசர் வந்து, எவ வெட்டினது, இன்னிக்கே வெளியே போங்கறான். நான் சாக்பீஸைப் பிடிச்சுட்டு நிக்கிறேன். அப்போதான் இவ எழுந்தா."

"அந்த வசனம்?" என்றேன். "பெத்தவளுக்கு அவன் இந்த அளவுதான்னு?"

"நான் எங்கேடி வசனம் பேசினேன்! எனக்கு நாக்கு ஒட்டிக்கிச்சு. 'நாங்க எல்லாரும் சேர்ந்துதான் சார் செஞ்சோம், வேணும்னேதான் செஞ்சோம்'னேன். அவ்வளவுதான். அந்த வசனம் பேப்பர்காரன் எழுதினது. நல்லாத்தான் எழுதியிருந்தான்."

"எல்லாரும் எழுந்து நின்னாளுங்க" என்றார் பெரியம்மா. "காலரு, கையி, பொத்தானு, எல்லாரும். நாங்கதான் சார், நாங்கதான் சார்னு."

பிறகு இருவரும் என்னை மறந்துவிட்டார்கள். கதவுக்கு வெளியே உட்கார்ந்திருந்த நாட்களைப் பற்றிப் பேசிக்கொண்டே போனார்கள். வேலைக்குச் சேர்ந்த பிறகு மதிய வெயிலை அவர்கள் பார்த்தது அப்போதுதானாம். இருட்டோடு உள்ளே போய் இருட்டோடு வெளியே வந்து பழகியவர்களுக்கு, பகலில் தெரு இப்படித்தான் இருக்குமா என்று வேடிக்கை தீரவில்லையாம். ஒருத்திக்கு ஒருத்தி பேன் பார்த்தார்கள். எதிர்க் கடைக்காரர் பழைய பன்னைத் துணியில் சுற்றிக் கொடுத்தனுப்பினார். காலர் பாடினால் நாய் குரைக்கும், அதனால் அவள் பாடும்போது எல்லோரும் நாயைப் பிடித்துக்கொள்வார்கள். எங்கிருந்தோ ஆட்கள் வந்து நின்றார்கள், பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் வந்து சட்டைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகுதான் தாங்கள் செய்தது என்னவென்று தங்களுக்கே புரிந்தது என்றாள் அம்மா.

"போர் நின்னுச்சா?" என்று கேட்டேன்.

"எங்கே நின்னுச்சு. அது பாட்டுக்கு நடந்துச்சு. ஆர்டரைத் தைக்க ஆள் கிடைக்காம எங்களைத் திரும்பக் கூப்பிட்டான். அக்காவையும் சேர்த்துதான் எடுக்கணும்னோம். எடுத்தான்."

"தம்பி?"

"வந்துட்டான்" என்றார் பெரியம்மா. "அங்கே பார்த்ததைப் பத்தி மட்டும் பேச மாட்டான்."

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. அம்மா என் கையைப் பிடித்தாள். "அப்பாகிட்ட சொல்லிடாதே. அந்தப் படத்துல இருக்கறவளைத்தான் அவர் தேடி வந்து கட்டிக்கிட்டார். நான் அட்டை மாறிப்போன சட்டைக்குப் பாக்கெட் தைச்சவ. இத்தனை வருஷம் கழிச்சு அவர்கிட்ட அவளைப் பறிக்கணுமா?"

எனக்கு அம்மா மேல் கோபம் வரவில்லை. எங்கள் ஆறு பேர் மேல் இருந்த கொஞ்ச நம்பிக்கையும் போனது. பெரியதே தவறுதலாக நடந்தது என்றால், தெரிந்தே நிற்கும் எங்கள் சின்னதுக்கு என்ன பொருள்? இதை வேறு விதமாகவும் யோசித்திருக்கலாம். அப்போது தோன்றவில்லை. சனிக்கிழமைக்கு முதல் நாள், சாப்பிடும்போது சொன்னேன்: "நாளைக்கு நாங்க நிக்கல. இனிமேலும் இல்ல. விட்டுடலாம்னு சொல்லப்போறேன்."

அப்பா தட்டிலிருந்து தலையைத் தூக்கினார். "நான்தான் சொன்னேனே. இதெல்லாம் அந்தக் காலத்து ஆளுங்களால ஆகற காரியம். உங்கம்மா மாதிரி ஒருத்தி உங்கள்ல உண்டா?"

அம்மா கரண்டியைப் பாத்திரத்தில் வைத்தாள். கொஞ்சம் பலமாகவே வைத்தாள்.

"விட வேண்டாம். நான் வரேன்."

"அப்படிப் போடு! நானும் வரேன்" என்றார் அப்பா. அப்போதே எழுந்துபோய் வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட ஆரம்பித்தார்.

ரவுண்டானாவில் சாலைக்குக் குறுக்கே கயிறு கட்ட போலீஸ்காரர் விடவில்லை. நடைபாதை ஓரமாகவே, ஒரு முனையை விளக்குக் கம்பத்தில் கட்டினோம். மறுமுனைக்குக் கம்பம் இல்லை. ஒட்டடைக்குச்சி பிடித்துக்கொண்டான். வீடு வீடாக வாங்கி வந்த குழந்தைச் சட்டைகள் ஆடின, நடுவில் அம்மாவின் காக்கிச் சட்டை. கத்திரிப் பெரியம்மா மடக்கு நாற்காலியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். முன்வரிசை என்றால் அது ஒன்றுதான். பஞ்சர் கடைக்காரர், என் கவுண்ட்டரில் கூட வேலை பார்ப்பவர், பேருந்துக்கு நின்ற சிலர். அப்பா பெரியம்மாவுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு, தானே பேசப்போவதுபோல் நின்றார்.

அம்மா காக்கிச் சட்டையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் பேசினாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"இது வேணும்னு தைச்ச சட்டை இல்லைங்க. அட்டை மாறிப்போச்சு."

எல்லாவற்றையும் சொன்னாள். தோள்பட்டியை நறுக்கச் சொன்னதைச் சொன்னபோது பஞ்சர் கடைக்காரர் சிரித்தார். வசனம் பேப்பர்காரனுடையது என்றபோது பெரியம்மாவே கைதட்டினார். நான் அப்பாவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டியிருந்த கைகள் அவிழ்ந்து பக்கத்தில் தொங்கின.

"நாங்க மாட்டிக்கிட்டு நின்னோம்" என்றாள் அம்மா. "இந்தப் பிள்ளைங்க யாரும் பிடிச்சுத் தள்ளாம, வேணும்னே வந்து நிக்கிறாங்க. எங்களைக் காட்டி இவங்களை யாரும் மட்டம் தட்ட வேண்டாம். எங்க வீட்டுக்காரரையும் சேர்த்துதான் சொல்றேன்."

அப்பா திரும்பி நடந்தார். பேருந்து நிறுத்தத்துப் பெஞ்சில் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். அம்மா பேச்சை அதோடு நிறுத்திவிட்டாள். கயிற்றில் சரியாக இருந்த சட்டைகளைத் திரும்பத் திரும்பச் சரி செய்தாள். நான் கிட்டப் போனேன். "இரு. வரட்டும், போகட்டும், அவர் இஷ்டம்" என்றாள்.

பேருந்துகள் வந்தன, போயின. அப்பா எதிலும் ஏறவில்லை. கடைசியில் எழுந்து வந்தார். அம்மாவைப் பார்க்காமல் கயிற்றைப் பார்த்தார்.

"தாழ்வா கட்டியிருந்தீங்க" என்றார்.

"எதை?"

"கயிறை. அன்னிக்கு. வண்டியோட கூரை இடிச்சிருக்கும். அதனாலதான் விசில் அடிச்சேன். நான் அடிக்கலைன்னாலும் டிரைவர் நிறுத்தியிருப்பார். சட்டையை எல்லாம் நான் அப்போ சரியா பார்க்கக்கூட இல்ல. எவடா ரோட்டுல துணி காயப்போட்டதுன்னுதான் எட்டிப் பார்த்தேன்."

பெரியம்மா நாற்காலியிலிருந்து விழப் பார்த்தார். "அட ஒரே விசிலு! நீயுமா?"

அம்மா சிரிக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நாங்கதான் உடனே தூக்கிட்டோமே" என்றாள் மெதுவாக. "வண்டியில ஆஸ்பத்திரிக்குப் போறவங்க யாராவது இருப்பாங்கன்னு, நான்தான் கழியை வெச்சுக் கயிறைத் தூக்கிப் பிடிச்சேன். வண்டி போகட்டும்னு. நீங்க போகலையே."

"ம்."

"ஏன் போகல?"

ஒரு விசில் அடித்தால் நிறுத்து, இரண்டு அடித்தால் கிளம்பு. எங்கள் வீட்டில் சின்ன வயதிலேயே எனக்குத் தெரிந்த விதி அது. அப்பா கழுத்தைச் சொறிந்தார்.

"விசில் வாயிலதான் இருந்துச்சு. டிரைவர் திரும்பித் திரும்பிப் பார்க்கிறார். நீ கழியைத் தூக்கிட்டு நிக்கிறே, கை நோகுதுன்னு மூஞ்சியிலேயே தெரியுது. அப்போதான் சட்டையைப் பார்த்தேன். ரெட்டை விசில் அடிக்கத் தோணல. அவ்வளவுதான். காரணம் எல்லாம் பிற்பாடு நானா சேர்த்துக்கிட்டது."

இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையின் காலர் ஒரு பக்கம் மடங்கியிருந்தது. அதை அம்மா நிமிர்த்தி விட்டாள்.

அப்பா ஒட்டடைக்குச்சியிடமிருந்து கயிற்றின் முனையை வாங்கிக்கொண்டார். "நீ போய் அட்டையைப் பிடிப்பா. உன் உயரத்துக்குக் கயிறைத் தூக்கினா ரோட்டுல போறவனுக்கு எப்படித் தெரியும்? கண்ணுக்கு நேரா இருக்கணும்." கயிறு கொஞ்சம் தாழ்ந்தது.

மாலை வெளிச்சம் இருக்கும் வரை நின்றோம். அதிகம் பேர் சேரவில்லை என்பதையும் எழுத வேண்டும். ஒரு பெண் வண்டியை ஓரங்கட்டி, தன் மகனின் பழைய சட்டை ஒன்றை அடுத்த மாதம் கொண்டுவருவதாகச் சொன்னாள். கொண்டுவருவாளா என்று தெரியாது.

கிளம்பப்போகும் நேரத்தில் எதிரே ஒரு பேருந்து நின்றது. ஆட்கள் இறங்கினார்கள், ஏறினார்கள். படியில் நின்ற இளம் கண்டக்டர் கயிற்றைப் பார்த்தான். வாயில் விசில் இருந்தது. பிறகு இரண்டு முறை ஊதினான், வண்டி போனது.

அப்பா என் தோளைத் தட்டினார். "கவனிச்சியா?"

"என்னப்பா?"

"ரெட்டை விசில் லேட்டு."

எனக்கு அப்படித் தெரியவில்லை. யாரோ ஒருவர் மூட்டையோடு ஏறிக்கொண்டிருந்தார், அதற்காகத்தான் அவன் காத்திருக்க வேண்டும். ஆனால் அந்த வேலையைப் பல வருடம் பார்த்தவர் அப்பாதான். நானில்லை.